ஓட்டல் என்றால் சாப்பாடா, அறையா? வேலூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கும் ஊர் வேலூர். அவர்களுக்கு வழி சொல்லும்போது நாம் அதிகம் தடுமாறுவது 'ஓட்டல்' என்ற சொல்லில்தான். நமக்கு ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம், தங்கும் இடம் லாட்ஜ். செல்போனில் அறை தேடிவிட்டு வருபவருக்கோ ஓட்டல் என்றால் அறை. பெட்டியும் கையுமாக ஒருவர் "நல்ல ஓட்டல் எங்கே இருக்கு?" என்று கேட்டால், உடனே இட்லிக் கடையைக் காட்டிவிடாதீர்கள். "தங்கவா, சாப்பிடவா?" என்று கேட்டுவிட்டு வழி சொல்லுங்கள். உடம்பு முடியாமல் வந்தவரை வேலூர் வெயிலில் வீணாக அலையவிடுவது பாவம்.

அதற்காக வெளியூர்க்காரர் யாருக்குமே நம் பொருள் தெரியாது என்று நினைப்பதும் தவறு. வங்காளத்தில் 'பாத்தேர் ஹோட்டல்' என்பது சோறு போடும் கடைதான்.

அப்புறம் மெஸ். விடுதிப் பிள்ளைகள் சாப்பிடும் இடமும் மெஸ், தெருவில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துச் சாப்பிடும் சின்னக் கடையும் மெஸ். மாணவர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் திரும்பிப் போக வேண்டாம். ஆனால் வேளை தவறிப் போகாதீர்கள், மதியச் சாப்பாடு தீர்ந்ததும் பல மெஸ்களில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

'ஆம்பூர் பிரியாணி' என்று பலகை இருந்தால் கடைக்காரர் ஆம்பூர்க்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். அது செய்முறையின் பெயர்: சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் விழுது, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். ஆம்பூரை இன்னும் வேலூர் மாவட்டம் என்று எழுதுபவர்களும் உண்டு. 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபோதே அது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது.

பலகை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியவையும் சில இருக்கின்றன. ஓட்டல், ஹோட்டல் இரண்டும் புழக்கத்தில் இருப்பவை, எது எழுதினாலும் சரி. 'ஒட்டல்' என்று குறிலாக எழுதினால் அது ஒட்டுவதைக் குறித்துவிடும். 'தேனீர்' என்றால் தேன் கலந்த நீர், டீக்குத் தேநீர்தான் சரி. 'மளிகைக் கடை' என்று எழுதும்போது நடுவில் வரும் 'க்' விடக் கூடாது. 'உணவகம்' என்று எழுதினால் அறை என்ற குழப்பம் வராது, ஆனால் பேச்சில் அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. அதனால் பலகையில் உணவகம் என்று போட்டிருக்கும் கடைக்கு வழி சொல்லும்போது, பலகையில் உள்ள பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.