எம்ஆர்சிபி பார்ட் 1: எதைப் படிப்பது, எதை மூடி வைப்பது

எம்ஆர்சிபி (மருத்துவர்கள் எழுதும் பிரிட்டனின் பொது மருத்துவ மேற்படிப்புத் தேர்வு) எழுதப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், நாலா பக்கத்திலிருந்தும் பிடிஎஃப் வந்து விழும். சீனியர் ஒருவர் டிரைவ் லிங்க் அனுப்புவார், டெலிகிராம் குரூப்பில் யாரோ மூட்டை மூட்டையாக வீடியோ போடுவார்கள், கூடப் படிப்பவர் அவருடைய கையெழுத்துக் குறிப்புகளை ஸ்கேன் செய்து தருவார். இதையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டாலே பாதி படித்து முடித்த மாதிரி ஒரு நிம்மதி வரும், ஆபத்தே அங்கேதான். அதன் முதல் கட்ட எழுத்துத் தேர்வான பார்ட் 1-க்கு ஒரு கேள்வி வங்கி, சந்தேகம் வந்தால் புரட்ட ஒரு சுருக்கக் குறிப்பு, அப்புறம் பிரிட்டனில் எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல்கள், இவ்வளவு போதும்.

தேர்வு இப்படி இருக்கும்: மூன்று மணி நேரத் தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 100 கேள்விகள், ஐந்து விடைகளில் மிகப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், எனவே எதையும் காலியாக விடாதீர்கள். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 108 விநாடி. படிக்கும்போதே அந்த வேகம் பழக வேண்டும்.

கேள்வி வங்கியில் பெரும்பாலானவர்கள் போவது பாஸ்மெடிசின் அல்லது பாஸ்டெஸ்ட். எது சிறந்தது என்று மாதக்கணக்கில் விவாதிக்கிறார்கள், அந்த நேரத்தில் ஏதாவது ஒன்றில் பாதியை முடித்திருக்கலாம். இரண்டையும் அரைகுறையாகச் செய்வதைவிட ஒன்றை முழுதாக முடித்து, தப்பானவற்றை மட்டும் இரண்டாவது சுற்றில் போடுவது மேல்.

எப்படிப் போடுவது என்பதுதான் முக்கியம். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். புகைபிடிக்கும் 68 வயதுக்காரர், குழப்பமான நிலையில் வருகிறார், ரத்தத்தில் சோடியம் 118. கால் வீக்கமும் இல்லை, நீரிழப்பும் இல்லை. பொட்டாசியம் சரியாக இருக்கிறது, சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி (அடர்த்தி அளவு) 450, சிறுநீர் சோடியம் 50. விடை எஸ்ஐஏடிஎச், அதாவது உடலில் தண்ணீரைத் தேக்கும் ஏடிஎச் ஹார்மோன் தேவைக்கு மீறிச் சுரப்பது; நுரையீரலில் புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். சரி என்று டிக் விழுந்ததும் அடுத்ததுக்கு ஓடாதீர்கள். மற்ற நான்கு விடைகளும் ஏன் தப்பு, எதை மாற்றினால் அவை சரியாகும் என்று பாருங்கள். பொட்டாசியம் 5.9 ஆகி, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் விழுகிறது என்றால் அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோய். சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி 70 என்றால் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறார். கால் வீங்கி, சிறுநீர் சோடியம் 10 என்றால் இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம், சிறுநீரில் புரதம் கசியும் நெஃப்ரோட்டிக் நோய், இந்தப் பக்கம் போகும். மருந்துப் பட்டியலில் சிறுநீர் பெருக்கியான தயசைடு இருந்தால் கதையே வேறு. ஒரே கேள்வியில் சோடியம் குறைவு பற்றிய முக்கால்வாசி பாடம் முடிந்துவிட்டது, இதற்குத் தனியாக வீடியோ பார்க்கத் தேவையில்லை. இப்படிச் செய்தால் ஒரு நாளில் குறைவான கேள்விகள்தான் முடியும், பரவாயில்லை.

அமெரிக்கப் பாடநூல்களில் படித்து வந்தவர்கள் இரண்டு விஷயங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, அளவீடுகள். குளுக்கோஸ் 126 என்பது பிரிட்டன் அலகில் 7.0, கிரியேட்டினின் 1 என்பது 88, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.5 சதவீதம் என்பது 48. எண்ணைப் பார்த்தவுடன் அர்த்தம் மனதில் விழ வேண்டும், வகுத்துப் பார்க்க அங்கே நேரம் இருக்காது. இரண்டாவது, சிகிச்சை வரிசை. ரத்த அழுத்தத்துக்கு நைஸ் 55 வயதில் ஒரு கோடு போடுகிறது: அதற்குக் கீழே ஏஸ் இன்ஹிபிட்டர் அல்லது ஏஆர்பி, மேலே கால்சியம் சேனல் பிளாக்கர். டைப் 2 சர்க்கரை நோய் இருந்தால் வயது பார்க்காமல் ஏஸ் இன்ஹிபிட்டர் அல்லது ஏஆர்பி. ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினருக்குச் சர்க்கரை இல்லாவிட்டால், எந்த வயதிலும் கால்சியம் சேனல் பிளாக்கர். நைஸ் தளத்தில் எல்லாம் இலவசம், ஆனால் முழு ஆவணத்தையும் படிக்க உட்காராதீர்கள், பரிந்துரைப் பகுதி மட்டும் போதும்.

எல்லோரும் தள்ளிப்போடுவது அடிப்படை அறிவியலையும் புள்ளியியலையும். 200-இல் சுமார் 25 கேள்விகள் அங்கிருந்துதான் வருகின்றன, மரபியல், நோயெதிர்ப்பியல், உடற்கூறியல் எல்லாம் சேர்த்து. புள்ளியியல் அதில் லாபமான பகுதி, ஏனென்றால் ஒரு வாரயிறுதியில் முடிந்துவிடும். மருந்து தராத குழுவில் 10 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, மருந்து தந்த குழுவில் 6 சதவீதம், வித்தியாசம் 4, 100-ஐ 4-ஆல் வகுத்தால் 25, அதாவது ஒரு மாரடைப்பைத் தவிர்க்க 25 பேருக்கு மருந்து தர வேண்டும். கேட்பது இந்த மட்டத்தில்தான்.

"போன தடவை வந்த கேள்விகள்" என்று சுற்றும் ஃபைல்களைத் தொடாதீர்கள். யாரோ நினைவிலிருந்து எழுதியவை, பாதி விடை தப்பு, பகிர்வதே தேர்வு விதிக்குப் புறம்பானதும்கூட. மாதிரிக் கேள்விகள் வேண்டுமென்றால் தேர்வை நடத்துபவர்களின் தளத்திலேயே இருக்கின்றன.

இங்கே சொன்னது பார்ட் 2 எழுத்துத் தேர்வுக்கும் ஓரளவு பொருந்தும், அதிலும் கேள்விகள் 200-தான், ஆனால் ஸ்கேன், ஈசிஜி, தோல் படங்கள் நிறைய வரும். நோயாளிகளைப் பரிசோதித்துக் காட்டும் செய்முறைத் தேர்வான பேசஸ் தனி உலகம். அங்கே கேள்வி வங்கி எடுபடாது, கூடவே பரீட்சைக்குத் தயாராகும் இரண்டு பேரையும் ஒரு ஸ்டாப்வாட்ச்சையும் தேடிக்கொள்ளுங்கள்: ஒருவர் ஆறு நிமிடத்தில் நோயாளியைப் பரிசோதிக்க, இன்னொருவர் நான்கு நிமிடம் கேள்வி கேட்க, மூன்றாமவர் சும்மா நின்று தப்பைக் குறித்துக்கொள்ள.