உப்புத்தண்ணீர் ஊரில் வால்வு மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கடலோரத்தில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர். புழங்குவதற்குப் போர்வெல் தண்ணீர், அதுவும் உப்பாக. வால்வு கெட்டுப்போனால் கடைக்குப் போய் "அரை இஞ்ச் வால்வு ஒண்ணு குடுங்க" என்கிறோம். எந்தத் தண்ணீருக்கு என்று கடைக்காரரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

அடுத்தது, பளபளப்பைப் பார்த்துப் பித்தளை என்று நம்புவது. குரோம் பூச்சுக்கு அடியில் மலிவான துத்தநாகக் கலவை இருக்கலாம். மரைக்குள் பூச்சு படாத இடத்தைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சரி, நல்ல பித்தளையே வாங்கியாகிவிட்டது. போர் லைனில் அதற்கும் ஆபத்து உண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புத்தண்ணீரில் இருக்கும் குளோரைடு அந்தத் துத்தநாகத்தை மட்டும் மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும். வால்வு பார்க்க அப்படியே இருக்கும், உள்ளே பலம் போயிருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை உடைத்துப் பாருங்கள்: மேலே மஞ்சள் தோல், உள்ளே சிவப்பாக, பொலபொலவென்று உதிரும் செம்பு. மரை ஓரத்திலும் ஸ்பிண்டில் (கைப்பிடி பூட்டிய தண்டு) அடியிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் இதுதான் நடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதை ரெஞ்சு போட்டு இறுக்கினால் மரை முறிந்து குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் மேல்தொட்டியைக் காலி செய்யாமல் பழைய வால்வில் கை வைக்காதீர்கள்.

என் கருத்தில் போர் லைனுக்கு யுபிவிசி அல்லது சிபிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த பால் வால்வு (உள்ளே ஓட்டை போட்ட உருண்டை திரும்பித் திறந்து மூடுவது) போதும். ஹீட்டரிலிருந்து வரும் சுடுதண்ணீர் லைனில் மட்டும் யுபிவிசி கூடவே கூடாது. உலோகம்தான் வேண்டும் என்றால் 316 ரக எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பைச் சாதாரண 304 ரகத்தைவிட நன்றாகத் தாங்கும்.

பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் நேரடியாகப் பித்தளை வால்வைப் பூட்டுவதும் பரவலாக நடக்கிறது. இரண்டு உலோகம், நடுவே உப்புத்தண்ணீர். இப்படிச் சேர்ந்தால் அரிக்கப்படுவது ஜிஐ பக்கம்தான். வால்வு புதிதாக இருக்கும்போதே பக்கத்து நிப்பிள் (இணைக்கும் சிறு குழாய்த்துண்டு) ஓட்டையாகிவிடும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பைப் போட்டால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் பித்தளை மரையை வெறும் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் முறுக்கி இறுக்கினால் சாக்கெட் விரிசல் விடும். உள்ளே பித்தளை மரை பதித்த சாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். டெஃப்ளான் டேப்பையும் அளவாகச் சுற்றுங்கள்.

எத்தனை பார் (அழுத்தத்தின் அளவு) தாங்கும் என்று மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். ஒற்றைத் தள வீட்டின் மொட்டைமாடித் தொட்டி கீழ்க் குழாய்க்கு அதில் பாதியைக்கூடக் கொடுக்காது. நமக்கு முக்கியம் துவாரத்தின் அளவு. குழாயைவிடச் சிறிய துவாரம் உள்ள வால்வைப் போட்டால் ஏற்கெனவே மெலிந்து வரும் தண்ணீர் இன்னும் மெலியும். வால்வைக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள், இல்லையென்றால் 'ஃபுல் போர்' (குழாய் அளவுக்கே துவாரம் உள்ளது) என்று கேளுங்கள்.

காவிரித் தண்ணீர் லைனில் கவலை வேறு. சாதாரணப் பித்தளையில் எளிதாகக் கடைய வேண்டும் என்பதற்காகக் காரீயம் சேர்ப்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும், குழந்தைகளின் மூளைக்குக் கெடுதல். அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர்ச் சாமான்களில் தண்ணீர் படும் பரப்புக்கு 0.25 சதவீதம்தான் வரம்பு. சமையலறை லைனுக்குக் காரீயம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

கடல்காற்று படும் மொட்டைமாடி வால்வில் இரும்புக் கைப்பிடி துருப்பிடித்துக் கையோடு வந்துவிடும். பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் வெயிலில் நொறுங்கும், மேலே ஒரு மூடி போடுங்கள். பால் வால்வைப் பாதி திறந்து விட்டும் வைக்காதீர்கள், உள்ளே உருண்டையை அணைத்திருக்கும் சீட் என்ற வளையம் தேய்ந்து கசிய ஆரம்பிக்கும். மாதம் ஒருமுறை முழுக்க மூடித் திறந்தால் உப்புப் படிந்து இறுகாது.