அடுப்படிக்கு ஒரு பீம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக்குப் பின்னால் அடுப்படியை நீட்டினேன். தூணுக்குத் தூண் 4 மீட்டர். தூண்களுக்கு மேல் படுக்கையாக வரும் கான்கிரீட் உத்தரம்தான் பீம். அதன் உயரத்துக்கு முதல் கணக்கு எளிது: நீளத்தை 12-ஆல் வகுத்தால் சுமார் 330 மி.மீ. நான் 350 வைத்தேன், அகலம் 200.

அப்புறம் சுமை. கூரை, சுவர், சொந்த எடை எல்லாம் பாதுகாப்புக் காரணியோடு மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்றால், பாரம் பீமை வளைக்கும் திருப்புத்திறன் 20 × 4 × 4 ÷ 8 = 40 கிலோநியூட்டன் மீட்டர். இதற்குக் கம்பிகளின் குறுக்குவெட்டுப் பரப்பு மொத்தம் சுமார் 330 சதுர மி.மீ. இருந்தால் போதும். இரண்டு 16 மி.மீ. கம்பி 402 தருகிறது, சரி. இது உங்களுக்குப் புரிவதற்குத்தான். நகராண்மைக் கழகத்துக்குப் போகும் வரைபடத்தில் பொறியாளர் கையெழுத்து வேண்டும்.

கம்பி எந்தப் பக்கம் என்பதில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். இரண்டு தூணுக்கு நடுவே பாரம் தாங்கும் கம்பி அடியில். ஆனால் வெளியே நீட்டி நிற்கும் போர்ச் பீமுக்கு மேலே! என் வீட்டு வேலையை எடுத்துச் செய்த குத்தகைக்காரர் போர்ச்சுக்கும் அடியிலேயே கட்டியிருந்தார். கான்கிரீட் லாரி வருவதற்கு முந்தின நாள் மாலை டார்ச் அடித்துப் பார்த்ததால் தப்பித்தேன். அவிழ்த்துக் கட்டச் சொன்னதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கான்கிரீட் ஊற்ற அடிக்கும் அச்சுப் பலகைக்கும், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பிக்கும் இடையே 25 மி.மீ. விட, சிமெண்டில் செய்த சிறு கட்டைகளை வையுங்கள். உடைந்த செங்கல் வேண்டாம், ஈரம் குடிக்கும். ஊற்றியபின் 7 நாள் சாக்கு நனைத்துப் போடுங்கள். பீமை அடியில் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளை 14 நாளுக்கு முன் தொடவிடாதீர்கள்.