கொலையாளியைக் காட்டிக்கொடுக்காமல் ‘தி நேக்கட் சன்’ பற்றிக் கருத்து எழுதுவது எப்படி

முதலில் ஒன்று, புத்தகத்தை முடித்த கையோடு எழுத உட்காராதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். முடிவு மண்டைக்குள் சுடச்சுட இருக்கும்போது எதை எழுதினாலும் அது முடிவின் பக்கமே சாயும். நான் இந்த நாவலைப் படித்து முடித்த அன்றே குடும்ப வாட்ஸப் குழுவில், “யார் கொன்னாங்கன்னு சொல்லமாட்டேன், இந்த ஒரு வார்த்தையை மட்டும் கவனிச்சுப் படிங்க” என்று எழுதி, அந்த வார்த்தையையும் போட்டுத் தொலைத்தேன். அடுத்த வாரம் மச்சான் போன் செய்தார். “எப்படிக் கொன்னாங்கன்னு பாதியிலயே தெரிஞ்சுபோச்சு மாப்ளே, மிச்சத்த நீயே வச்சுக்க.” புத்தகத்தைத் திருப்பியும் அனுப்பிவிட்டார்.

ஐசக் அசிமோவின் இந்த நாவல் 1956இல் ஒரு அமெரிக்க இதழில் தொடராக வந்து 1957இல் புத்தகமானது. பூமியைச் சேர்ந்த துப்பறிவாளர் எலைஜா பெய்லி, அவரோடு டேனீல் என்ற, பார்வைக்கு மனிதனாகவே தெரியும் ரோபோ. இந்த ஜோடி அறிமுகமானது 1954இல் வந்த ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலில். மூன்றாவது புத்தகத்துக்கு 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் எழுதப்போவது நடுப்புத்தகத்தைப் பற்றி என்பதை மறக்கவேண்டாம், அதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வழக்கமான கொலைக்கதை என்றால் கொலையாளியின் பெயரை மறைத்தாலே பாதி வேலை முடிந்தது. எதிர்காலத்தில் நடக்கும் கொலைக்கதையில் அது போதாது, ஏனென்றால் அங்கே உலகத்தின் சட்டதிட்டங்களே துப்புகள். சொலாரியா என்ற கிரகத்தில் மனிதர்கள் 20,000 பேர், ரோபோக்கள் 20 கோடி. மனிதருக்குத் தீங்கு செய்ய ரோபோக்களால் முடியாது, அப்படித்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். மனிதர்களோ ஒருவரையொருவர் நேரில் சந்திப்பதையே அருவருப்பாக நினைக்கிறவர்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவரை யாரோ கிட்டே வந்து மண்டையில் அடித்துக் கொன்றிருக்கிறார்கள், ஆயுதத்தைக் காணோம், பக்கத்தில் வரக்கூடிய ஒரே ஆள் அவர் மனைவி கிளாடியா. இவ்வளவையும் தாராளமாகச் சொல்லலாம், எல்லாமே ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: முதல் கால்வாசியில் ஆசிரியர் தானே சொன்னது பொதுச் சொத்து, அதற்குப் பிறகு வருவது படிப்பவருடைய சொத்து. அங்கே என்னென்ன சட்டம் இருக்கிறது என்று எழுதுங்கள். அதில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.

பாராட்டிலும் கசியும், அதுதான் ஆபத்தானது. “கொஞ்சமும் சந்தேகம் வராத ஆள்தான் கடைசியில்...” என்று எழுதினால், படிப்பவர் சந்தேகம் வரும் ஆட்களையெல்லாம் அடித்துவிட்டு மிச்சம் இருப்பவரைப் பிடித்துக்கொள்வார். “அந்த ஒரு உரையாடல் அபாரம்” என்பதும் அதே கதைதான். தொடர் நாவலில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அடுத்த புத்தகத்தில் யார் யார் வருகிறார்கள் என்று ஆர்வக்கோளாறில் பட்டியல் போட்டால், அவர்கள் இதில் சாகவில்லை, ஜெயிலுக்கும் போகவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அடுத்த புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தனியாக, எச்சரிக்கை போட்டுவிட்டு எழுதுங்கள்.

சரி, அப்போது எதைத்தான் எழுதுவது? கொலையோடு ஒட்டாத ஒரு காட்சியை எடுத்து அதில் நின்று நிதானமாக எழுதுங்கள். எனக்குப் பிடித்த இடம், பெய்லி ஒரு சமூகவியல் அறிஞரை விசாரிக்கப் போவது. திரையில் பேசினால் போதுமே என்று இருக்கும் ஊரில், இவர் துணிந்து நேரில் வரச் சம்மதிக்கிறார். எதிரே உட்காருகிறார், எட்டத்தில்தான். பேச்சு ஓடுகிறது, ஆனால் மனிதருக்கு நேரம் ஆக ஆகத் தாங்கவில்லை, ஒரு கட்டத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து ஓடிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அதே வீட்டின் வேறொரு அறையிலிருந்து திரையில் தோன்றி, ஒன்றும் நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து பேசுகிறார்! 2020இல் பக்கத்து அறையில் இருப்பவரோடு வீடியோ கூட்டத்தில் பேசியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு காட்சியைச் சொன்னால் அந்த ஊர் எப்படிப்பட்டது, எழுத்து எப்படிப்பட்டது இரண்டுமே தெரிந்துவிடும், விடையின் பக்கம் போகவே வேண்டாம். பெய்லியின் பயமும் நல்ல விஷயம்: கூரை மூடிய நகரத்துக்குள்ளேயே வளர்ந்த ஆள், திறந்த வானத்தைக் கண்டால் நடுங்குகிறவர், பிடிவாதமாகக் காரின் மேல்மூடியைத் திறக்கச் சொல்லிச் சூரியனைப் பார்க்கும் இடம். தலைப்பே அங்கிருந்துதானே வருகிறது.

குறை சொல்லத் தயங்கவேண்டாம், ஆனால் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். “பழைய காலத்து எழுத்து” என்று ஒற்றை வரியில் முடித்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. பெய்லி ரோபோக்களை ‘பாய்’ என்று கூப்பிடுகிறார், அது அமெரிக்காவில் வெள்ளையர்கள் வயது வந்த கறுப்பின ஆண்களையே கூப்பிட்ட சொல், அந்த நாட்டுக்காரரான அசிமோவ் தெரியாமலா எழுதியிருப்பார், அல்லது தெரிந்தே ஒரு குத்தலாக எழுதினாரா? இதைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்களேன், நான் ஆசையாகப் படிப்பேன். பெண் பாத்திரங்களைப் பற்றியும் அதே மாதிரி எந்த இடம், என்ன நெருடியது என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நியாயம். அறிவியல் கதையில் துப்பறியும் கதையே சாத்தியமில்லை, கஷ்டம் வந்தால் துப்பறிகிறவர் ஏதாவது புதுக் கருவியை எடுத்து நீட்டித் தப்பித்துவிடுவார் என்று ஜான் கேம்ப்பெல் என்ற இதழாசிரியர் சொன்னதாகவும், அது அப்படியில்லை என்று காட்டவே இந்த வகையில் இறங்கியதாகவும் அசிமோவ் எழுதியிருக்கிறார். ஆக, நீங்கள் பார்க்க வேண்டியது: விடைக்குத் தேவையானதெல்லாம் முன்பே நம் கண்ணில் பட்டதா? ஆம் இல்லை என்று சொல்லுங்கள், என்ன பட்டது என்று சொல்லவேண்டாம். நீங்களே கண்டுபிடித்திருந்தால் எத்தனையாவது அத்தியாயத்தில், காரணத்தோடா அல்லது குருட்டாம்போக்கிலா என்றும் எழுதுங்கள். “நான் அப்பவே கண்டுபிடிச்சிட்டேன்” என்பவர்களில் பாதிப் பேர் நாலு பேர் மேலும் சந்தேகப்பட்டவர்கள்தான், நான் உட்பட. என் கணக்கில் புதிர் நேர்மையானது, ஆனால் அந்தப் புதிரைவிட சொலாரியாதான் மனதில் தங்குகிறது, புதிருக்காக மட்டும் வருகிறவர்களுக்கு நடுப்பகுதி கொஞ்சம் இழுக்கும். முதல் புத்தகத்தைப் படிக்காமலும் இது புரியும், ஆனால் பெய்லியும் டேனீலும் எப்படி நண்பர்கள் ஆனார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் ருசிக்கும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும், புத்தகத்தைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, யார் மேல் சந்தேகம் வருகிறது, எப்படி நடந்திருக்கும் என்று கேளுங்கள். யோசிக்காமல் பளிச்சென்று சரியாகச் சொன்னால் திருத்தி எழுதவேண்டியதுதான். இரண்டாம் முறை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, “அந்த டேனீல்தான்டா, சந்தேகமே இல்ல” என்றாள். கொலை நடந்த பிறகு கிரகத்துக்கு வந்து இறங்கியவன் அவன். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டேன்.