மாய விலங்கை வளர்க்கும் கதையை எழுதுவது எப்படி?

சிறுவர்கள் மாய விலங்கு ஒன்றை வளர்க்கும் நகைச்சுவைக் கதையை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அந்த விலங்கின் சக்தியிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பறக்கவும் நெருப்பு உமிழவும் நினைத்த மாத்திரத்தில் மறையவும் தெரிந்த விலங்கு ஒன்றை மூன்று பக்கங்களுக்கு வருணித்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் படித்துக் காட்டியபோது, அவன் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "அது எங்க மூச்சா போகும்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. வளர்ப்புக் கதையில் வாசகரைச் சிரிக்க வைப்பதும் பதைக்க வைப்பதும் விலங்கின் மாயத்தைக் காட்டிலும் அதற்குச் செய்தாக வேண்டிய அன்றாட வேலைகளே என்பது பிறகுதான் புரிந்தது. ஆகவே கதையின் முதல் வரியை எழுதுவதற்கு முன் ஒரு பராமரிப்புக் குறிப்பேட்டை எழுதுங்கள்.

அதற்கு முதலில் ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகக் கற்பனை செய்யலாம் என்றாலும், பழைய நூல்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் விலங்குகள் ஏராளம். நீரை விலக்கிப் பாலை மட்டும் பருகும் பறவை நாலடியாரில் இருக்கிறது. எகிப்தின் ஹீலியோபோலிஸ் நகருக்கு 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஃபீனிக்ஸ் பறவையைப் பற்றி கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், தான் அதை ஓவியத்தில் மட்டுமே பார்த்திருப்பதாக நாணயமாக ஒப்புக்கொள்கிறார். என் தேர்வு அசுணம். நற்றிணையின் 304ஆம் பாடலில் தலைவனின் மார்பு, இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவதால், அசுணத்தைக் கொல்பவர்களின் கைக்கு ஒப்பிடப்படுகிறது. இனிய யாழிசையால் அதை வெளியே வரவழைத்து, மயங்கி நிற்கும்போது பறையை முழக்கிக் கொன்றுவிடுவார்கள் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். இசைக்கு உருகி, கடுஞ்சத்தம் கேட்டால் உயிரை விடும் ஒரு விலங்கு வீட்டு அலமாரிக்குள் ஒளித்து வளர்க்கப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே கதை பாதி தயார். சிறுவர்களுக்கான கதை என்பதால் சாவை மயக்கமாக மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

இனிக் குறிப்பேடு. என்ன தின்னும், எவ்வளவு தின்னும், எங்கே கழிக்கும், எப்போது தூங்கும், எதற்கு அஞ்சும், நோய் வந்தால் எப்படித் தெரியும், வளர்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கேள்விகளுக்கு நீங்கள் கற்பனையை மட்டும் நம்பி விடை எழுதினால் அது சீக்கிரம் வற்றிவிடும். உண்மையான விலங்குகளைப் பார்த்து எழுதினால் வற்றவே வற்றாது. பாம்பு சட்டை உரிப்பதற்குச் சில நாள்களுக்கு முன் அதன் கண்கள் பால் படர்ந்ததுபோல் மங்கிவிடும். பார்வை குறைந்திருப்பதால் சும்மா சும்மா சீறும். உங்கள் டிராகனும் அந்த வாரத்தில் துணி மாட்டும் கொக்கியைப் பகைவன் என்று எண்ணிப் போருக்கு அழைக்கலாம். ஆந்தை தான் விழுங்கிய எலியின் எலும்பையும் மயிரையும் உருண்டையாகத் திரட்டிக் கக்கும். பறவை முகம் கொண்ட உங்கள் விலங்கு பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை விழுங்கியிருந்தால், அவர் வந்து அமர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து அது வெளிவரட்டும். வொம்பாட் என்னும் ஆஸ்திரேலிய விலங்கு கனசதுர வடிவில் சாணமிடுகிறது. அதை அடுக்கிவைத்து என்ன கட்டலாம் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். பொம்பார்டியர் வண்டோ தன் உடலுக்குள் வேதிப்பொருள்களைக் கலந்து, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர்மத்தை எதிரியின்மீது பீய்ச்சுகிறது, அதுவும் பின்புறத்திலிருந்து. நெருப்பு வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கதை முட்டையிலிருந்து தொடங்குவதாக இருந்தால் கோழி முட்டையே நல்ல ஆசான். அதை ஏறத்தாழ 37.5 டிகிரி வெப்பத்தில் 21 நாள்கள் வைத்திருக்க வேண்டும். கடைசி மூன்று நாள்கள் தவிர, தினமும் பலமுறை திருப்பிவைக்க வேண்டும். இதையே ஒரு மாய முட்டைக்குப் பொருத்தினால், நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து, தூக்கக் கலக்கத்தில் முட்டைக்குப் பதிலாகத் தம்பியின் தலையைத் திருப்பிவைக்கும் சிறுமி கிடைத்துவிடுவாள். பொரித்து வரும் குஞ்சு, வாத்துக் குஞ்சுகளைப் போல, முதலில் அசைந்து கண்ணில் பட்டதைத் தாயென்று நம்பிப் பின்தொடரும். அந்த முதல் அசைவு யாருடையது என்று முடிவுசெய்வதில் அவசரப்படாதீர்கள். விலங்கென்றாலே முகம் சுளிக்கும் ஆளுடையதாக இருந்தால் பல அத்தியாயங்களுக்குக் கவலை இல்லை.

பெயர் வைப்பதிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என 9 இளமைப் பெயர்களைத் தருகிறது. சிங்க உடலும் துதிக்கையும் கொண்ட யாளியின் குட்டியைக் குருளை என்பதா, கன்று என்பதா என்று இரண்டு பெரியவர்கள் மும்முரமாக வாதிட்டுக்கொண்டிருக்க, அது அவர்களுடைய செருப்புகளைத் தின்று முடிப்பதாக ஒரு காட்சி என் குறிப்பேட்டில் இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

குறிப்பேட்டில் எழுதிய விதியைக் கதையில் ஒருபோதும் மீறாதீர்கள். அசுணம் கடுஞ்சத்தம் கேட்டால் மயங்கும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு, ஒன்பதாம் அத்தியாயத்தில் இடி முழக்கத்தினூடே அதை ஓடவிட்டால், எட்டு வயது வாசகர் உங்களை அங்கேயே பிடித்துவிடுவார். பெரியவர்களிடம் செல்லுபடியாகும் சமாதானம் எதுவும் அவரிடம் எடுபடாது.

நகைச்சுவையைப் பொறுத்தவரை, சொல்பவர் சிரிக்கக் கூடாது. நிகழ்வு எவ்வளவு அபத்தமோ நடை அவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும். தமிழில் அறிவிப்புப் பலகையின் மொழி இதற்கென்றே செய்ததுபோல் அமைந்திருக்கிறது: "யாளிக்குத் தும்மல் வருவதற்கான அறிகுறி தென்பட்டால் திரைச்சீலைகளை முன்கூட்டியே கழற்றிவைக்கவும். கழற்ற நேரமில்லையெனில் திரைச்சீலைகளிடம் விடைபெற்றுக்கொள்ளவும்." வேடிக்கையான பெயர்களையும் கோணல் எழுத்துகளையும் அள்ளித் தெளிப்பது இதற்கு ஈடாகாது. விலங்கைக் கேலிப் பொருளாக்குவதையும் தவிர்க்க வேண்டும். அது தன் இயல்புப்படி நடந்துகொள்கிறது. திண்டாடுவது அதை வளர்ப்பவர்கள்.

என் அசுணத்தை வளர்ப்பவள் கயல். பெற்றோரைக் கொன்றோ தொலைத்தோதான் சிறுவர்களைச் சாகசத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதில்லை. வீட்டில் அன்பாக இருந்துகொண்டே இடைஞ்சல் செய்யும் அப்பா அதைவிடப் பயனுள்ளவர். கயல் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விடுகிறாள், நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறைகளை மாட்டுகிறாள், பாத்திரங்களுக்கு நடுவே துணி மடித்துவைக்கிறாள். வீடு அடங்கிவிட்டது என்று அவள் மூச்சுவிடும்போது குளியலறையில் அப்பா பாடத் தொடங்குகிறார். அலமாரிக்குள் 'பொத்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் அசுணம் நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு, ஒரு காதைப் போர்வைபோல் முகத்தின்மேல் மூடி, மல்லாந்து கிடக்கிறது.

"அப்பா, நாளையிலிருந்து பாடாம குளிக்கிறீங்களா?"

"பாடாம குளிச்சா தண்ணி குளிருமே கண்ணு. ஏன், நல்லா இல்லையா?"

அவள் இரண்டு உயிர்களை நினைத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்கிறாள். இந்தப் பொய்யை அவள் சொல்ல நேர்ந்த இடத்தில்தான் கதை வேடிக்கையைத் தாண்டிச் செல்கிறது. ஆசிரியர் இங்கே விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் எல்லாம் கெட்டுவிடும்.

சாகசத்துக்காக வெளியிலிருந்து ஓர் அரக்கனையோ சாபத்தையோ இறக்குமதி செய்யத் தேவையில்லை. தீவனம் தீர்ந்துபோவது, மருந்து தேடிப் போவது, விலங்கு தப்பி ஓடுவது, வாங்கி விற்பவன் மோப்பம் பிடித்து வருவது ஆகிய நான்கில் ஒன்று போதும். உச்சக்கட்டத்துக்கான சாவியைக் குறிப்பேட்டில் இருக்கும் மிகப் பெரிய தொல்லையிலிருந்தே எடுக்க வேண்டும். கூண்டோடு வரும் வியாபாரி அலமாரியை நெருங்குகிறான். கயல் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டி, "அப்பா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் சத்தமாப் பாடுங்க" என்கிறாள். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் மனமுருகிப் பாடுகிறார். வியாபாரி திறந்து பார்க்கும்போது விலங்கு விறைத்துக் கிடக்கிறது. செத்த அசுணத்துக்கு விலை இல்லை என்று அவன் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். பழம்பாட்டில் உயிரை எடுத்த சத்தம் இங்கே உயிரைக் காக்கிறது என்பதை நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் குழந்தைகளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்வதைவிடக் கேள்வி கேட்கும் இடங்களைக் குறித்துக்கொள்வது மேல், ஏனெனில் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பேட்டில் நீங்கள் நிரப்பாமல் விட்ட ஒரு வரி. அசுணத்தின் கதையை அதே சிறுவனிடம் படித்தபோது மூச்சா பற்றிய கேள்வி வரவில்லை. மணல் நிரப்பிய தட்டை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டேன். அவன் வேறொன்று கேட்டான்: "மயங்கினது எப்ப எந்திரிக்கும்?" அடுத்த நாள் குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்: யாராவது அதன் காதருகே மெல்லத் தாலாட்டுப் பாடினால்.