துறவி சுட்டும் சட்டத்தை மூலத்தில் தேடிப் பிடிக்க

மதுரையிலோ கருமாத்தூரிலோ உட்கார்ந்து இடைக்காலத் திருச்சபைச் சட்டம் படிப்பவர்கள் லத்தீனைக்கூடச் சமாளித்துவிடுவார்கள். மேற்கோள் குறிப்புகள்தான் படுத்தும். ஆஸ்தி ஊர் அஸ்தெசானுஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1317இல் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்காக எட்டுப் பகுதிகளில் தொகுத்த நூலைத் திறந்தால் வரிக்கு வரி சட்டச் சுருக்கக் குறிப்பு. பக்க எண் கிடையாது. தலைப்பும் முதற்சொல்லும்தான். தேவாரப் பதிப்பின் கடைசியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்குமே, அந்த முறைதான்.

முதலில் எந்தத் தொகுப்பு என்று முடிவுசெய்யுங்கள். எண்ணும் 'தி.'யும் (திஸ்திங்க்சியோ, பிரிவு) வந்தால் கிராசியன் என்பவர் திரட்டிய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் (சுமார் 1140) முதற்பகுதி. அதில் 101 பிரிவுகள். எண்ணும் 'கே.'யும் (வினா) வந்தால் இரண்டாம் பகுதி. அதில் 36 வழக்குகள். '12 கே. 1 திலெக்திஸ்ஸிமிஸ்' என்றால் 12ஆம் வழக்கு, முதல் வினா; அந்தச் சொல்லில் தொடங்குவது 2ஆம் இயல். 'தே கோன்.' என்றால் மூன்றாம் பகுதி. எண்ணே இல்லாமல் தலைப்பு மட்டும் நின்றால் திருத்தந்தையரின் ஆணைத் தொகுப்புகளுக்குப் போகவேண்டும்.

இங்கே பலர் சறுக்குவார்கள். இன்றைய ஆய்வாளர் 'சி' என்று போட்டால் கிராசியனின் வழக்கு. துறவி போட்டால் பெரும்பாலும் ஜஸ்டினியனின் ரோமச் சட்டத் தொகுப்பு. இரட்டை 'எஃப்' வந்தால் அதே பேரரசரின் டைஜஸ்ட், அதாவது ரோமச் சட்ட அறிஞர்களின் கருத்துத் திரட்டு.

பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு உடைமை உண்டா என்ற வறுமைச் சர்ச்சையின் முக்கிய ஆணைகள் 'சொற்களின் பொருள் பற்றி' என்ற ஒரே தலைப்பின்கீழ்தான் கிடக்கின்றன. அந்தத் தலைப்போ நான்கு தொகுப்புகளில் இருக்கிறது: 9ஆம் கிரகோரியுடையதில் (1234) 5.40 (ஐந்தாம் புத்தகம், 40ஆம் தலைப்பு), 8ஆம் போனிப்பாஸின் 'ஆறாம் நூல்' என்ற தொகுப்பில் (1298) 5.12, கிளமெண்ட் தொகுப்பில் (1317) 5.11, 22ஆம் யோவானின் ஆணைகளில் 14ஆம் தலைப்பு. ஆகவே 'எக்சிட்' என்ற முதற்சொல்லைப் பார்த்தவுடன் 5.40க்கு ஓடாதீர்கள். துறவிகளுக்குப் பயன்பாடு மட்டுமே, உடைமை ரோமத் திருச்சபைக்கு என்ற 3ஆம் நிக்கோலாசின் 1279 ஆணை அது. இருக்குமிடம் ஆறாம் நூல் 5.12.3 (கடைசி எண் இயல்). அதை மறுத்த யோவானின் 1322 ஆணை 14.3. ஒரு முட்டைக்கும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டிக்குமா ரோமத் திருச்சபை உரிமையாளர் என்று யோவான் கேட்பது அங்கேதான். சட்ட உரைகளில் இவ்வளவு குத்தலை எதிர்பார்க்கமுடியாது.

பழைய கிரயப் பத்திரம் படித்தவர்களுக்கு 'மேற்படி' தெரியும். குறிப்புகளில் வரும் 'எயோதெம்' (அதே தலைப்பு) அதுதான். நடுவே ஒரு குறிப்பைப் படியெடுத்தவர் விட்டாலோ செருகினாலோ பின்னால் வரும் மேற்படிகள் எல்லாம் வேறு தலைப்பைச் சுட்டும். இயல் கிடைக்கவில்லையென்றால் இரண்டு மூன்று குறிப்புகள் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். 'சீ க்விஸ்', 'கூம்' என்று தொடங்கும் இயல்கள் ஏராளம். முதற்சொல்லை மட்டும் நம்பவேண்டாம், தலைப்போடு பொருத்திப் பாருங்கள்.

மூலத்துக்கு ஃப்ரீட்பெர்கின் லைப்சிக் பதிப்பு போதும் (1879, 1881). அதில் ஓர உரை கிடையாது. துறவி உரையாசிரியரைச் சுட்டினால் 1582 ரோமப் பதிப்பைத்தான் பார்க்கவேண்டும். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொன்று: 'எக்சிட்' ஆறாம் நூலின் பெயரோடு சுட்டப்பட்டிருந்தால், அந்த வரி 1298க்கு முன் எழுதப்பட்டிருக்க முடியாது. நூல் அதைவிடப் பழையது என்று கையெழுத்துப் படிகளின் பட்டியல் சொன்னால், படியெடுத்தவரின் கையைச் சந்தேகியுங்கள்.