கம்பஸில் முதல் செமஸ்டர்: 15 கிழமைக் கணக்கு

ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சைக்கு மூன்று பாடம், இரண்டு வருசத்துக்கு மேல் அவகாசம், ரியூசன், கடைசி மூன்று மாதம் பாஸ் பேப்பர். அதே பழக்கத்தோடு யாழ். பல்கலைக்கழகத்துக்குள் வருபவர்கள் முதல் செமஸ்டரின் நடுவிலேயே தடுமாறுகிறார்கள். கெட்டித்தனம் குறைந்து போவதில்லை, கணக்குத்தான் மாறிவிடுகிறது. இங்கே 15 கிழமைக்குள் ஐந்தாறு பாடம் தொடங்கி முடிந்துவிடும். இடையில் வரும் அசைன்மென்ட்டுக்கும் புள்ளி உண்டு.

படி 1: பெயரையும் இடத்தையும் சரிபாருங்கள்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஏ.எல். பெறுபேறு மூன்றையும் பக்கத்தில் வைத்து, ஆங்கிலத்தில் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பெயர்களில் ‘த’வுக்கு ஓரிடத்தில் ஒற்றை எழுத்தும் இன்னோரிடத்தில் இரட்டை எழுத்தும் விழுவது சாதாரணம். பதிவில் உள்ள பெயர்தான் பட்டச் சான்றிதழ் வரை போகும். முதல் மாதத்திலேயே திருத்துவது சுலபம். நாலாம் வருசத்தில் என்றால் அலைச்சல்.

இடமும் முக்கியம். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் கிடைத்தவர்கள் போகவேண்டியது கிளிநொச்சி அறிவியல் நகருக்கு. அதைப் பார்க்காமல் திருநெல்வேலியில் அறைக்கு அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள்.

படி 2: அறையும் தண்ணீரும்

திருநெல்வேலி வளாகம் என்றால் கொக்குவில், கோண்டாவில் பக்கமும் அறை தேடலாம். தரை மட்டமான ஊர், ஒரு சைக்கிள் போதும். அட்வான்ஸ் கொடுக்க முன் மூன்று கேள்வி கேளுங்கள்: கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், கரண்ட் பில் எப்படிப் பிரிப்பார்கள், குடிதண்ணீர் எங்கே?

யாழ்ப்பாணத்தில் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்தலில் வெள்ளையாகப் படிவது அதுதான். தோட்டப் பசளையும் மலசலகூடக் குழிக் கசிவும் நைத்திரேற்றைக் கிணற்றுக்குள் கொண்டுவருகின்றன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. குடிக்க வடிகட்டிய தண்ணீர் வாங்குங்கள், குளிக்கக் கிணறு போதும்.

மகாபொல உதவித்தொகை கிடைத்தவர்களும் முதல் மூன்று மாதச் செலவை அதை நம்பிப் போடவேண்டாம். முதல் காசு பிந்திச் சேர்ந்து வருவதே வழக்கம்.

படி 3: வரவுக்கு ஒரு பக்கம்

பரீட்சைக்கு இருக்க 80 வீத வரவு கேட்பார்கள். கிழமைக்கு 2 மணித்தியால விரிவுரை என்றால் 15 கிழமைக்கு 30 மணித்தியாலம். அதில் தவறக்கூடியது 6, அதாவது மூன்றே மூன்று விரிவுரை. ஒரு காய்ச்சலுக்கு ஒன்று, வீட்டுக் கலியாணத்துக்கு ஒன்று என்றால் மிச்சம் ஒன்று. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பாடத்துக்கு ஒரு கோடு போட்டு, தவறியதை அன்றைக்கே குறியுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். செமஸ்டருக்குள் வந்தால் இரவில் போய்க் கும்பிடலாம், பின்னேரப் பிரக்டிகலை விடாதீர்கள். வருத்தம் வந்தால் முதலில் பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்குப் போங்கள். வெளியில் எடுத்த மெடிக்கலைப் பிந்திக் கொடுத்தால் ஏற்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

படி 4: ஜி.பி.ஏ.யை (சராசரிப் புள்ளியை) நீங்களே போட்டுப் பாருங்கள்

ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, சி 2.0. ஒவ்வொன்றையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் (பாடத்துக்குக் கொடுத்திருக்கும் நிறையால்) பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் பிரிக்கவேண்டும்.

3 கிரெடிட் ஏ மைனஸ் 11.1, 3 கிரெடிட் பி 9.0, 2 கிரெடிட் பி பிளஸ் 6.6, 2 கிரெடிட் சி 4.0. கூட்டினால் 30.7. பத்தால் பிரித்தால் 3.07.

இனி ஏ மைனஸையும் சி-யையும் இடம் மாற்றுங்கள். 3 கிரெடிட்டில் சி, 2 கிரெடிட்டில் ஏ மைனஸ்: 6.0, 9.0, 6.6, 7.4. மொத்தம் 29.0, அதாவது 2.90. அதே நாலு கிரேட்தான், ஆனால் இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவுக்கு வழக்கமாகக் கேட்கும் 3.00 கைவிட்டுப் போய்விட்டது. எனவே நேரத்தைப் பாடங்களுக்குச் சமமாகப் பிரிக்காமல் கிரெடிட் பார்த்துப் பிரியுங்கள். முதலாம் வருசப் புள்ளி வகுப்புக்குச் சேருமா, ரிப்பீட் எழுதினால் அதிகபட்சம் என்ன கிரேட் தருவார்கள் என்பவை பீடத்துக்குப் பீடம் வேறுபடும். உங்கள் பீடத்தின் கையேட்டில் அந்த இரண்டு பந்தியையும் சீனியரின் வாய்ப்பேச்சை நம்பாமல் நீங்களே வாசியுங்கள்.

படி 5: ஆங்கில விரிவுரை

தமிழில் ஏ.எல். செய்தவருக்குப் பாடம் தெரியும், சொல்தான் தெரியாது. ‘ஆர்முடுகல்’ என்று இரண்டு வருசம் கணக்குச் செய்தவர், ‘அக்செலரேஷன்’ என்று காதில் விழுந்ததும் ஒரு கணம் நிற்பார். அதற்குள் விரிவுரை அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும்.

ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: ஆங்கிலச் சொல், பழைய பாடநூலின் தமிழ்ச் சொல், விரிவுரையில் அது வந்த வசனம். மூன்றாவது நிரலை விடாதீர்கள், பரீட்சையில் எழுதப்போவது வசனம். நாளுக்கு 10 சொல் போதும். விரிவுரைக்கு முன் 20 நிமிடம் ஸ்லைடைப் புரட்டி, தெரியாத சொல்லுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். அன்றிரவே 40 நிமிடம் குறிப்பைத் திரும்ப எழுதுங்கள். சனிக்கிழமைக்கு என்று ஒதுக்கினால் பாதி மறந்திருக்கும்.

விளங்காததைக் குப்பியில் கேளுங்கள். ஒரே பட்ச்காரரோ சீனியரோ இருந்து சொல்லிக்கொடுப்பது அது. கேட்கப் போவதைவிட ஒரு தலைப்பைச் சொல்லிக்கொடுக்கப் போவது இன்னும் நல்லது.

படி 6: பகிடிவதை (ராகிங்)

உதவியைக் காட்டிப் பணியவைப்பது குப்பியும் இல்லை, பகிடியும் இல்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். இரண்டு வருசம் வரை சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருசம் வரை. நாள், நேரம், இடம் குறித்து வையுங்கள். வட்ஸ்அப் செய்திகளை அழிக்க முன் ஸ்கிரீன்சொட் எடுங்கள். மாணவ ஆலோசகரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.